டிரைவ் ஷாஃப்ட் ஒரு விரல் அகலம் வெளியே நிற்கிறது: அடிக்கலாமா?

கேள்வி சுருக்கமாக இது. முன்சக்கரம் இழுக்கும் கார். கேட்டவர் வீட்டிலேயே ஜாக் போட்டு, கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டுகளை, அதாவது இரண்டு பக்க டிரைவ் ஷாஃப்டுகளையும் கழற்றி, அவற்றின் ஜாயிண்டுகளை மூடும் கிழிந்த ரப்பர் பூட்டுகளையும் (மடிப்பு உறைகள்) கியர்பாக்ஸ் ஆயில் சீல்களையும் மாற்றியிருக்கிறார். இடது ஷாஃப்ட் ‘டக்’ என்று உட்கார்ந்துவிட்டது. வலது ஷாஃப்ட் கியர்பாக்ஸ் பக்கம் ஒரு விரல் அகலம் வெளியே நிற்கிறது. ஹப் பக்கமும், அதாவது சக்கரம் மாட்டும் முனையிலும், நட் போட இரண்டு மூன்று மரைதான் தெரிகிறது. “மேனுவலில் ‘கழற்றியதைத் தலைகீழ் வரிசையில் மாட்டவும்’ என்று ஒரே வரி இருக்கிறது. சுத்தியலால் ஓங்கி நாலு போட்டால் போய்விடுமா?”

போகாது. போனாலும் எதையாவது உடைத்துக்கொண்டுதான் போகும். சுத்தியலைக் கீழே வையுங்கள்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள்: உங்களுக்கு இருப்பது இரண்டு பிரச்சினை, ஒன்றல்ல. ஷாஃப்டின் உள் ஜாயிண்ட், அதாவது கியர்பாக்ஸ் பக்கம் இருப்பது, சில சென்டிமீட்டர் நீளவும் குறுகவும் கூடியது. சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போது சக்கரத்துக்கும் கியர்பாக்ஸுக்கும் உள்ள தூரம் மாறுகிறது, அதை அந்த ஜாயிண்ட்தான் விழுங்கிக்கொள்கிறது. அதனால் கியர்பாக்ஸ் பக்கம் ஒரு விரல் வெளியே நிற்பதால் ஹப்பில் மரை குறைவாகத் தெரிகிறது என்று நினைக்க வேண்டாம். ஹப்பின் பல்துளையில் (ஸ்ப்லைன்) துரு இருக்கலாம், ஹப்பைத் தாங்கும் நக்கிள் கோணலாக நிற்கலாம். அதை அப்புறம் பார்ப்போம். உள்பக்கம் முடியாமல் வெளிப்பக்கத்தைத் தொட வேண்டாம்.

உள்முனையைக் கிட்டத்தில் பாருங்கள். நீளவாக்கில் பல் வெட்டிய ஒரு கட்டை. முனைக்குச் சற்று முன்னால் ஒரு காடி, அதில் ஒரு மெல்லிய கம்பி வளையம். அதுதான் சர்க்கிளிப். உள்ளே, சுழற்சியை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் பக்கக் கியரில் இதே அளவு பல் உள்துளையாக இருக்கிறது. பல்லும் பல்லும் பொருந்தி ஷாஃப்ட் வழுக்கிப் போகும். கடைசியில் சர்க்கிளிப் கியரின் விளிம்பில் முட்டும், சட்டென்று ஒரு தள்ளு கொடுத்தால் சுருங்கி உள்ளே போய் மறுபக்கக் காடியில் விரிந்துகொள்ளும். நீங்கள் இடதுபக்கம் கேட்ட ‘டக்’ அந்த விரிதல்தான்.

ஆகவே கேள்வி இப்படி மாறுகிறது: வலது ஷாஃப்ட் நிற்பது பல் பொருந்தாமலா, பல் பொருந்தி கிளிப் முட்டியா? கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. இரண்டு பக்கமும் ஸ்டாண்டில் தூக்கியிருக்கிறது அல்லவா? மேனுவல் கியராக இருந்தால் முதல் கியரில் போடுங்கள், ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில். இப்போது வலது ஷாஃப்டின் உள் ஜாயிண்டின் உலோக உறையைக் கையால் திருப்புங்கள். பல் பிடித்திருந்தால் இடது ஹப் எதிர்த்திசையில் சுழலும். டிஃபரன்ஷியல் கூடு கியரால் பிடிபட்டிருப்பதால் ஒரு பக்கம் திரும்பினால் மறுபக்கம் எதிராகத் திரும்பியே ஆக வேண்டும். வலது ஷாஃப்ட் மட்டும் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தால் பல்லே இன்னும் சேரவில்லை.

பல் சேரவில்லை என்றால் என் முதல் சந்தேகம், நீங்கள் இரண்டு ஷாஃப்டுகளையும் ஒரே நேரத்தில் வெளியே எடுத்ததன் மேல்தான். பல டிஃபரன்ஷியல்களில் பக்கக் கியர்களை நேராகத் தாங்கிப் பிடித்திருப்பதே ஷாஃப்டின் முனைகள்தான். இரண்டும் வெளியே வந்த பிறகு யாராவது ஹப்பையோ ஷாஃப்டையோ அசைத்தால் கியர் மெல்ல நழுவி, துளையின் மையத்தை விட்டு இறங்கிவிடும். டார்ச் அடித்து சீல் வழியாக உள்ளே பாருங்கள். பல் வெட்டிய வட்டம் சீலின் நடுவில் நேராகத் தெரிந்தால் கவலையில்லை. பிறைநிலா மாதிரி ஒரு ஓரமாகத் தெரிந்தால் நழுவியிருக்கிறது.

பதற வேண்டாம், பெரும்பாலும் கியர்பாக்ஸைத் திறக்காமலே சரிசெய்யலாம். இடது ஷாஃப்ட் உள்ளே இருப்பதால் ஒரு பக்கக் கியர் நேராகத்தான் நிற்கிறது. சுத்தமான விரலையோ, சிராய் இல்லாத வழவழப்பான மரக்குச்சியையோ உள்ளே விட்டு, நழுவிய கியரை மெதுவாக மேலே தூக்கி, இன்னொருவரை இடது ஹப்பை மிகக் கொஞ்சமாக முன்னும் பின்னும் அசைக்கச் சொல்லுங்கள். கியர் மையத்துக்கு வந்ததும் குச்சியை எடுத்துவிட்டு ஷாஃப்டை நுழையுங்கள். கியர் அசையவே மறுத்தால், அல்லது அதன் பின்னாலிருக்கும் தட்டை வாஷர் விலகி வந்திருப்பது தெரிந்தால், வீட்டு வேலை அதோடு முடிந்தது, கியர்பாக்ஸ் வேலை தெரிந்தவரிடம் போக வேண்டியதுதான். அடுத்த முறை ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கத்துக்குப் போங்கள். முடியாவிட்டால் காலியான துளையில் அதே பருமனில் ஒரு சுத்தமான மரக்கட்டையைச் செருகி வையுங்கள்.

பல் பிடித்திருக்கிறது, ஆனாலும் வெளியே நிற்கிறது என்றால் மூன்று இடத்தைப் பாருங்கள். ஒன்று, நீங்கள் போட்ட புது ஆயில் சீல். அது கோணலாக இறங்கியிருந்தாலோ, பழையது இருந்த ஆழத்துக்குப் போகாமல் துருத்திக்கொண்டிருந்தாலோ உள் ஜாயிண்டின் தோள் அதில் முட்டும். இடதுபக்கத்தோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். இரண்டு, சர்க்கிளிப். பழைய கிளிப்பைத் திரும்பப் போட்டிருந்தால் அது விரிந்து, காடியில் ஒரு பக்கமாகத் தொங்கும். புதியதே என்றாலும் கம்பி கொஞ்சம் தடிமனாக இருந்தால் சுருங்காது. ஷாஃப்டை வெளியே எடுத்து, கிளிப்பை இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள். பல்லின் மட்டத்துக்குக் கீழே முழுதாக அமுங்க வேண்டும். அமுங்கவில்லை என்றால் எந்தச் சுத்தியலும் உதவாது. மூன்றாவது, ஷாஃப்ட் மாறிப்போயிருப்பது. இடதும் வலதும் பெரும்பாலான கார்களில் ஒரே நீளம் இல்லை, ஏனென்றால் கியர்பாக்ஸ் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கி நிற்கிறது. சிலவற்றில் நீளமான பக்கத்தில் எஞ்சின் மேல் தாங்கிய ஓர் இடைத்தண்டு இருக்கும். அப்படி இருந்தால் அதன் பேரிங் தாங்கி போல்ட்டுகளைத் தளர்த்திவிட்டு மாட்டி, கடைசியில் முறுக்குவதே நல்லது.

இப்போது நுழைக்கும் முறை. சீலின் உதட்டில் கியர் ஆயிலைத் தடவுங்கள். அந்த உதட்டுக்குப் பின்னால் ஒரு மெல்லிய சுருள் ஸ்பிரிங் ஓடுகிறது. ஷாஃப்டின் பல் அதன்மேல் உரசிக்கொண்டு போனால் ஸ்பிரிங் கழன்று உள்ளே விழும், உதடு கிழியும், ஆயில் சொட்டும். ஷாஃப்டின் எடையை ஒரு கை தாங்க வேண்டும், இன்னொரு கை முனையை மையத்தில் நடத்த வேண்டும். பல் உதட்டைத் தொடாமல் போகிறதா என்று கண்ணால் பார்த்துக்கொண்டே நுழையுங்கள். கிளிப்பின் வாய், அதாவது வெட்டிய இடைவெளி, கீழ்நோக்கி இருக்கட்டும். பல மேனுவல்கள் அப்படித்தான் கேட்கின்றன. கொஞ்சம் கிரீஸ் தடவி கிளிப்பைக் காடியின் நடுவில் ஒட்டவைத்தால் அது ஒரு பக்கம் தொங்காது.

பல் பிடித்து கிளிப் முட்டும் இடம் வந்ததும் உள் ஜாயிண்டை அதன் அடி வரை அமுக்கி, ஷாஃப்டை நேர்கோட்டில் பிடித்து, உடம்பின் எடையோடு சட்டென்று ஒரே ஒரு தள்ளு. முழு பலம் வேண்டாம், வேகம்தான் வேண்டும். போகவில்லையா? ஷாஃப்டை ஒரு பல் அளவு திருப்பி மறுபடி முயலுங்கள். மூன்றாவது முயற்சிக்கும் மசியவில்லை என்றால் பித்தளைக் கட்டையை உள் ஜாயிண்ட் உறையின் உலோக விளிம்பில் வைத்து லேசாக ஒன்றிரண்டு தட்டு தட்டலாம். நான் அனுமதிக்கும் ஒரே தட்டு அது. வெளிமுனை மரையில் அடித்தால் மரை விரியும், நட் ஏறாது, அடியின் அதிர்ச்சியும் உள் ஜாயிண்டிலேயே அடங்கிவிடும்.

உட்கார்ந்துவிட்டதா என்று சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். உறையைக் கையால் பிடித்து வெளியே இழுத்துப் பாருங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தாலும் கழன்று வரக் கூடாது. நடுத்தண்டைப் பிடித்து இழுக்க வேண்டாம். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் தடவை செய்தபோது தண்டைப் பிடித்து ‘இறுகிவிட்டதா’ என்று இழுத்தேன். பூட்டுக்குள் ‘குளுக்’ என்று ஒரு சத்தம். உள் ஜாயிண்டுக்குள் இருக்கும் மூன்று உருளைகளில் ஒன்று உறையின் பள்ளத்தை விட்டு வெளியேறி பூட்டுக்குள் போய்விட்டது. அது தெரியாமல் மாட்டி ஓட்டினேன். முதல் திருப்பத்திலேயே அடியில் யாரோ பாத்திரம் உருட்டுகிற மாதிரி சத்தம். திரும்பவும் எல்லாம் கழற்றல்.

அந்த உள் ஜாயிண்டைப் பற்றி இன்னும் கொஞ்சம், ஏனென்றால் பூட் மாற்றியதால் அதைத் திறந்திருப்பீர்கள். மூன்று கால் கொண்ட ஒரு சிலுவை, ஒவ்வொரு காலிலும் ஓர் உருளை, உருளைக்குள் ஊசி ஊசியாகச் சின்னப் பேரிங்குகள். சில வகைகளில் உருளை காலிலிருந்து தனியே நழுவி வரும், அப்படி வந்தால் ஊசிகள் சிதறும். ஒன்று காணாமல் போனால் மற்றவற்றை வைத்து ஒப்பேற்றலாம் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். கழற்றும் முன் தண்டு, சிலுவை, உறை மூன்றிலும் பெயிண்ட்டால் ஒரே நேரில் கோடு போட்டிருந்தால் அதே பொருத்தத்தில் திரும்ப மாட்டலாம். சிலுவையின் பல்துளையில் ஒரு பக்கம் சரிவாகச் சீவியிருந்தால் அது வெளி ஜாயிண்டை, அதாவது சக்கரப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் சர்க்கிளிப் காடிக்கு வந்து சேராது.

வெளி ஜாயிண்ட் வேறு கதை. பந்தும் கூடும் உள்ள வகை அது, பெரும்பாலும் ஆறு பந்து. 1920களில் ஆல்ஃபிரட் ரெஸெப்பா உருவாக்கிய அமைப்பின் வழி வந்தது. ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினாலும், ஷாஃப்ட் 40 டிகிரிக்கு மேல் மடங்கி நின்றாலும், சக்கரம் ஒரே வேகத்தில் சுற்றுவது இதனால்தான். 1959இல் வந்த மினி இதை முன்சக்கரத்தில் பெரிய அளவில் பயன்படுத்திக் காட்டியது. தேவையில்லாமல் பந்துகளைப் பிரிக்காதீர்கள். பூட் மாற்ற ஜாயிண்டை முழுசாகத் தண்டிலிருந்து உருவினாலே போதும்.

பூட் போடும் வரிசையில்தான் எல்லோரும் ஒரு தடவை ஏமாறுகிறோம். தண்டின் பல்லின் மேல் வழவழப்பான டேப் சுற்றுங்கள், பல் ரப்பரைக் கீறாது. முதலில் சின்ன கிளாம்ப், பிறகு பூட், பிறகு டேப்பை உரித்து புது சர்க்கிளிப், கடைசியில் ஜாயிண்ட். நான் ஒரு தடவை ஜாயிண்டைத் தட்டி ஏற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தால் சின்ன கிளாம்ப் மேஜை மேல் இருந்தது. மறுபடி தட்டி இறக்கி… சரி, அது பழைய கதை. வெளி ஜாயிண்டும் கிளிப்பால்தான் நிற்கிறது, அதையும் இழுத்துப் பார்த்தே அடுத்த வேலைக்குப் போங்கள்.

கிரீஸ் விஷயத்தில் கஞ்சத்தனமும் வேண்டாம், தாராளமும் வேண்டாம். பூட்டோடு வரும் பொட்டலம் அந்த ஜாயிண்டுக்கென்று அளந்தது. வெளி ஜாயிண்டுக்கு வருவது பெரும்பாலும் மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கறுப்பு கிரீஸ். மூன்றுகால் ஜாயிண்டுக்கு வேறு வகை வரலாம். இரண்டையும் மாற்றிப் போடக் கூடாது, டப்பாவில் இருக்கும் சாதாரண சேசிஸ் கிரீஸையும் போடக் கூடாது. பாதியைப் பந்துகளுக்கு இடையில் விரலால் திணியுங்கள், மீதியைப் பூட்டுக்குள். பழைய கிரீஸில் மண் கலந்திருந்தால் முழுதும் வழித்துக் கழுவி, நன்றாகக் காயவிட்ட பிறகே புதியது. நகத்தில் நிமிண்டினால் நறநறவென்றால் அந்த ஜாயிண்ட் பூட்டை மட்டும் மாற்றிப் பிழைக்காது.

கிளாம்ப் இறுக்கும் முன் பூட்டின் பெரிய வாயில் மழுங்கிய திருப்புளி ஒன்றை லேசாக நுழைத்து, உள்ளே அடைபட்ட காற்றை விடுங்கள். பூட்டின் மடிப்புகள் உப்பவும் இல்லாமல் உள்ளே உறிஞ்சப்படவும் இல்லாமல் இயல்பாக நிற்கும் நிலையில்தான் இறுக்க வேண்டும். காது வைத்த கிளாம்ப் என்றால் அதற்கான இடுக்கியால் காது நன்றாக ஒட்டும்வரை அமுக்குங்கள். பிளாஸ்டிக் டை கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் சீக்கிரமே மறுபடியும் அதே பூட்டை மாற்றுவார்கள்.

அடுத்தது ஹப். ஹப்பின் பல்துளையை கம்பி பிரஷ்ஷால் துருபோகத் தேய்த்துத் துடையுங்கள். நக்கிளை வெளியே சாய்த்து ஷாஃப்ட் முனையை நுழைத்தால் கையாலேயே வழுக்கிப் போக வேண்டும். உங்கள் மூன்று மரைக் கதை பெரும்பாலும் இங்கேதான் தீரும். வெளி ஜாயிண்டின் மேல் ஏபிஎஸ் பல்வளையம் இருக்கும் கார் என்றால் அது சென்சாரில் இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வேலை முழுதும், பிரேக் கட்டைகளை அழுத்தும் கேலிப்பர் பிரேக் குழாயில் தொங்கக் கூடாது, ஷாஃப்டும் ஒரு முனையில் தொங்கக் கூடாது. இரண்டையும் கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டி வையுங்கள்.

லோயர் ஆர்மை (சஸ்பென்ஷனின் கீழ்க் கை) நீளமான கம்பியால் கீழே நெம்பி, அதை நக்கிளோடு இணைக்கும் பால் ஜாயிண்டை நக்கிளுக்குள் விடும்போது ஒன்று கவனியுங்கள். குறுக்கு போல்ட்டால் இறுக்கும் வகையில், பால் ஜாயிண்ட் தண்டில் ஒரு காடி இருக்கும். போல்ட் அந்தக் காடி வழியாகத்தான் போக வேண்டும். தண்டு முழுதாக ஏறாமல் இருந்தால் போல்ட் போகாது, அங்கேயும் அடித்து ஏற்றினால் போல்ட் மரை போகும். போல்ட் கையால் எளிதாகப் போனால் இடம் சரி. ஓட்டத்தில் இது கழன்றால் சக்கரம் வெளியே சாய்ந்துவிடும் என்பதால் இதன் முறுக்கை அனுமானத்துக்கு விடாதீர்கள். டை ராட் (ஸ்டியரிங்கை நக்கிளோடு இணைக்கும் தண்டு) நட், கேலிப்பர் போல்ட்டுகளும் அப்படியே.

கடைசியாக ஆக்சில் நட், அதாவது ஹப்பில் ஷாஃப்ட் முனையில் ஏறும் நட். இதைப் பலரும் ஷாஃப்டைப் பிடித்து நிறுத்தும் நட் என்று நினைக்கிறார்கள். பல கார்களில் அதன் முக்கிய வேலை வீல் பேரிங்கை இறுக்கிப் பிடிப்பது. பேரிங்கின் உள்வளையம் இரண்டு துண்டு. நட்டின் இறுக்கம்தான் அவற்றை ஒன்றோடொன்று சேர்த்து வைக்கிறது. நட் இறுகாமல் காரைத் தரையில் இறக்கினாலோ ஒரு கஜம் தள்ளினாலோ எடை முழுதும் விலகிய வளையங்களின் மேல் விழும், பேரிங் அன்றைக்கே சாகத் தொடங்கும். அதனால் சக்கரம் ஆகாயத்தில் இருக்கும்போதே ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி நட்டை இறுக்குங்கள். உங்கள் கார் மேனுவல் கடைசி முறுக்கைத் தரையில் கொடுக்கச் சொன்னால் அதன்படி முடிக்கலாம், முன்னிறுக்கம் எப்படியும் மேலேயே.

எண் காருக்குக் கார் மாறும். பொதுவாக 180 முதல் 300 நியூட்டன் மீட்டர் வரை, சிலவற்றில் முறுக்குக்குப் பிறகு இத்தனை டிகிரி என்று கோணமும் சொல்வார்கள். 250 நியூட்டன் மீட்டர் என்றால் ஒரு மீட்டர் நீளக் கம்பியின் முனையில் ஏறக்குறைய 25 கிலோ தொங்கும் விசை. கைக்கணக்குக்கு அகப்படாது, டார்க் ரெஞ்ச் இரவல் வாங்கியாவது வையுங்கள். காற்றழுத்தத்தால் நட் முறுக்கும் துப்பாக்கியால் கடைசி முறுக்கு கொடுப்பதை நான் ஏற்பதில்லை. நட் புதிதாகத்தான் இருக்க வேண்டும். ஓரத்தை காடிக்குள் அடித்துப் பூட்டும் வகையாக இருந்தால் முறுக்கிய பிறகு உளியால் அந்த இதழைக் காடிக்குள் மடியுங்கள். பிளவு முள் வகை என்றால் துளை நேராகாதபோது நட்டைத் தளர்த்தாமல் இன்னும் சற்று முறுக்கியே நேராக்குங்கள்.

சக்கரம் மாட்டிய பிறகு கியர்பாக்ஸ் ஆயில். ஷாஃப்ட் எடுத்தபோது ஒழுகியது எவ்வளவு என்று யாரும் அளப்பதில்லை. கார் சமதளத்தில் நிற்க, லெவல் பிளக்கையோ ஸ்டிக்கையோ பார்த்து, அந்தக் கியர்பாக்ஸுக்குச் சொன்ன ஆயிலையே ஊற்றுங்கள்.

ஓட்டிப்பார்க்கும்போது வெறிச்சோடிய இடத்தில் முதலில் மெதுவாக, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி எட்டு வடிவில். திருப்பத்தில் ‘கடக் கடக்’ வந்தால் வெளி ஜாயிண்ட். நேர் சாலையில் ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது நடுக்கம், விட்டால் போய்விடுகிறது என்றால் உள் ஜாயிண்ட். ஏதும் இல்லையென்றால் வீடு திரும்பி, எஞ்சினை அணைத்து, இரண்டு சீலுக்கும் அடியில் வெள்ளைத் தாள் விரித்து ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் தாள் காய்ந்திருந்தால் சீல் தப்பித்தது. சக்கர நட்டுகளை 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு முறை டார்க் ரெஞ்சால் பார்த்துவிடுங்கள்.